வீஆர் ஹெட்செட் போட்டாலே துடிப்பு ஏறுகிறது: இதை மன அழுத்தம் என்று எப்படிச் சொல்வது?

நிலா_ஆய்வு
ஜூலை 12, இரவு 9:40

எல்லோருக்கும் வணக்கம். கோவையில் பிஎச்.டி. இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். கணினித் துறை, உளவியல் எனக்குப் புதுசு. மூளைக்கு வேலை ஏற ஏற உடம்பில் என்ன மாறுகிறது என்பதை மெய்நிகர் (வீஆர்) சூழலில் வைத்து அளப்பதுதான் என் ஆய்வு.

யூனிட்டி என்ற விளையாட்டு உருவாக்கும் மென்பொருளில் ஒரு தேர்வு அறை கட்டியிருக்கிறேன். மாணவர் குவெஸ்ட் 2 ஹெட்செட்டைப் போட்டுக்கொண்டு, நீளமான ஒரு வராந்தாவில் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளியபடி நடந்து போவார். வராந்தாவின் கடைசியில் ஒரு கதவு. உள்ளே சுவர்க் கடிகாரம், மேஜை, மேஜைக்குப் பின்னால் மூன்று பேர். அவர்கள் முன்னால் நின்று 1022-இல் இருந்து 13, 13-ஆகக் கழித்துக்கொண்டே வர வேண்டும். மணிக்கட்டில் கட்டிய பட்டை துடிப்பையும் வியர்வையையும் பதிவு செய்யும். ஒப்பிட்டுப் பார்க்க, அதே மாணவர்கள் இன்னொரு நாள் வந்து, ஹெட்செட் இல்லாமல் நாற்காலியில் உட்கார்ந்து, மடிக்கணினியில் பத்து நிமிடம் அருவி, காடு என்று வீடியோ பார்ப்பார்கள்.

முன்னோட்டமாக (பைலட்) 14 பேரை வைத்துச் செய்தேன். வீஆரில் எல்லோருக்குமே துடிப்பு ஏறியது. டாக்டரல் கமிட்டியில் சந்தோஷமாகக் கிராஃபைக் காட்டினேன். ஒரு பேராசிரியை அதைச் சற்று நேரம் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இது கணக்குக்கு ஏறினதா, ஹெட்செட்டுக்கு ஏறினதா, சொல்லும்மா." எனக்கு வாயே திறக்கவில்லை.

அன்று இரவு ஒவ்வொருவர் பதிவாகத் திறந்து பார்த்தேன். பதினோராவதாக வந்தவன் முதலாண்டு பையன். 14 பேரிலும் தோல் மின்கடத்தல், அதாவது வியர்வையின் அளவு, மிக அதிகமாக இருந்தது அவனுக்குத்தான். அவனை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. ஹெட்செட்டைக் கழற்றியபோது முகம் வெளுத்துப் போயிருந்தது. நெற்றியில் ஃபோம் அழுத்திய சிவப்புத் தடம், அதன் மேல் முத்து முத்தாக வியர்வை. தண்ணீர் கொடுத்துவிட்டு, "கணக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சா தம்பி?" என்று கேட்டேன். "கணக்கு ஒண்ணும் இல்லக்கா. அந்த வராந்தாவுலயே வயித்தப் பெரட்டிடுச்சு" என்றான். அவனைத்தான் என் அட்டவணையில் 'அதிக அழுத்தம்' என்று எழுதி வைத்திருக்கிறேன். அதிலிருந்து தூக்கம் சரியாக இல்லை.

ஒப்பீட்டு நிலையை எப்படி மாற்றுவது? எச்சிலில் கார்டிசால் என்ற அழுத்த ஹார்மோனைப் பார்த்தே ஆக வேண்டும் என்கிறார்கள் சிலர். எங்கள் நிதிக்கு அது பெரிய செலவு, உண்மையிலேயே அவசியமா? அப்புறம், மணிக்கட்டுப் பட்டையின் பதிவு கணக்கு நடக்கும் இடத்தில்தான் ஓட்டை ஓட்டையாக இருக்கிறது. இதைக் கையால் செய்து பார்த்தவர்கள் யாராவது இருந்தால் தயவுசெய்து சொல்லுங்கள். செப்டம்பரில் முழு ஆய்வைத் தொடங்க வேண்டும்.

பழையமாணவன்
ஜூலை 12, இரவு 10:15

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன்: வீஆரை விட்டுவிடுங்கள். 'சிவப்பு' என்ற சொல்லை நீல நிறத்தில் எழுதிக் காட்டி, நிறத்தை மட்டும் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனை 1935-இல் இருந்து இருக்கிறது. லேப்டாப் போதும். வராந்தா வேண்டாம், மயக்கமும் வராது. மூளைக்கு வேலை கொடுப்பதுதான் நோக்கம் என்றால் அரைக் கிலோ எடையை எதற்குப் பிள்ளைகள் முகத்தில் கட்ட வேண்டும்?

தெப்பக்குளம்
ஜூலை 13, காலை 6:50

நிலா, உங்கள் பதிவைப் படித்ததும் அடுப்பைச் சிறிதாக வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் மதுரைக்காரி. ஜெர்மனியில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் மூன்று வருடம் உதவியாளராக இருந்தேன். வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து, எதிரில் நிற்பவர் என்ன சொன்னாலும் முகத்தில் எதையும் காட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. நீங்கள் யூனிட்டியில் கட்டியிருக்கும் அறையின் அசல் அதுதான். டிரியர் பல்கலைக்கழகத்தில் கிர்ஷ்பாம், பிர்கே, ஹெல்ஹாமர் என்ற மூவர் 1993-இல் வெளியிட்ட சோதனை. முதலில் தயாராகக் கொஞ்சம் நேரம் கொடுப்பார்கள். அப்புறம் ஐந்து நிமிடம், வேலைக்கான நேர்காணலில் பேசுவதுபோலத் தன்னைப் பற்றிப் பேச வேண்டும். அது முடிந்ததும் ஐந்து நிமிடம் உங்கள் 1022 கணக்கு. தவறினால் முதலில் இருந்து.

ஒரு பெண்ணை மறக்க முடியவில்லை. மாணவிதான், இருபது வயதுக்குள் இருக்கும். 1022, 1009, 996, 983 வரை மளமளவென்று வந்தாள். அதற்குப் பிறகு நின்றுவிட்டாள். ஸ்வெட்டரின் கைநுனியை விரலில் சுற்றுகிறாள், அவிழ்க்கிறாள், மறுபடியும் சுற்றுகிறாள். "973" என்றாள். நான் சொல்ல வேண்டிய வசனம் ஒன்றே ஒன்று: "தவறு. 1022-இல் இருந்து மறுபடியும்." சொன்னேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு சின்னத் தலையாட்டல் கிடைக்காதா என்று இருந்தது. நம் ஊரில் ஒரு பிள்ளை திணறினால் நம்மை அறியாமல் தலை ஆடிவிடும், 'ம், சொல்லும்மா' என்று வாய் வந்துவிடும். அதை அடக்கப் பழகவே எனக்கு வாரக்கணக்கில் ஆனது.

பழையமாணவன் கேட்டதற்கு என் பதிலும் இதில்தான் இருக்கிறது. ஒரே நாளில் ஐந்து பேருக்கு நடுவராக உட்கார்ந்தால், ஐந்தாவது ஆளுக்கு நான் காட்டும் முகம் முதல் ஆளுக்குக் காட்டிய முகமாக இருக்காது. எனக்கு ஜலதோஷம், பக்கத்தில் இருப்பவருக்குப் பசி, யாருக்கோ பரிதாபம். மெய்நிகர் நடுவருக்கு இதெல்லாம் கிடையாது. நூறாவது ஆளுக்கும் அதே பார்வை, அதே நொடியில் அதே வசனம். ஆய்வாளருக்கு இது பெரிய வரம். ஸ்ட்ரூப் நல்ல சோதனைதான், ஆனால் அதில் உங்களை எடைபோட எதிரில் யாரும் நிற்பதில்லை.

அங்கே யாரும் இல்லை என்று தெரிந்தே ஹெட்செட்டைப் போடுகிறவருக்கு எப்படிப் பயம் வரும் என்று கேட்பார்கள். வரும். 2002-இல் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் சேப்பல் ஹில் வளாகத்தைச் சேர்ந்த மீஹன் குழுவினர் ஒரு மெய்நிகர் அறையின் நடுவில் சுமார் 6 மீட்டர் ஆழத்துக்குக் குழி வைத்து, அதன் விளிம்பில் ஆட்களை நிறுத்தினார்கள். காலடியில் நிஜமாகவே ஒரு மெல்லிய மரப்பலகை. பாதம் அதன் ஓரத்தை உணரும். விளிம்புக்கு வந்ததும் துடிப்பு ஏறியது. படம் எவ்வளவு சீராக ஓடுகிறது என்பதைப் பொறுத்தும் அந்த ஏற்றம் மாறியது. தெரிவது மூளைக்கு, உடம்பு தன் பாட்டுக்குத் தன் வேலையைச் செய்கிறது.

இனி உங்கள் ஆய்வுக்கு வருகிறேன். உங்கள் இரண்டு நிலைகளுக்கும் நடுவில் எத்தனை வேறுபாடு என்று எண்ணிப் பாருங்கள். ஒன்றில் ஹெட்செட் உண்டு, இன்னொன்றில் இல்லை. ஒன்றில் நிற்கிறார்கள், இன்னொன்றில் உட்கார்ந்திருக்கிறார்கள். எழுந்து நின்றாலே துடிப்பு ஏறும், அதற்கு அழுத்தம் எதுவும் வேண்டாம். ஒன்றில் வாய்விட்டுப் பேசுகிறார்கள், இன்னொன்றில் மௌனம். பேசும்போது மூச்சின் போக்கு மாறும், மூச்சு மாறினால் துடிப்புகளுக்கு நடுவில் உள்ள இடைவெளியும் மாறும். இவ்வளவும் மாறியிருக்கும்போது ஏற்றத்தைக் கணக்கின் தலையில் கட்ட முடியாது. உங்கள் பேராசிரியை கேட்டது மிகச் சரியான கேள்வி. அவரை விட்டுவிடாதீர்கள்.

ஒப்பீட்டு நிலையும் ஹெட்செட்டுக்குள்ளேயே நடக்க வேண்டும். அதே அறை, அதே வெளிச்சம், அதே கடிகாரம், அதே மாதிரி நிற்பது, அதே நேரம் வாய்விட்டுப் பேசுவது. எடைபோடுகிறவர்களை மட்டும் எடுத்துவிடுங்கள். டிரியர் சோதனைக்கு இப்படி ஒரு சாதுவான வடிவம் ஏற்கெனவே இருக்கிறது. நடுவர்கள் இல்லாத அறையில் நின்று, சமீபத்தில் போன பயணத்தைப் பற்றியோ பார்த்த படத்தைப் பற்றியோ பேசச் சொல்வார்கள். கழித்தலுக்குப் பதிலாக 0-இல் இருந்து 15, 15-ஆகக் கூட்டச் சொல்வார்கள். 15, 30, 45, 60. வாய் வேலை செய்யும், கால் நிற்கும், பயம் இருக்காது. இதற்கும் உங்கள் அறைக்கும் இடையில் வரும் வித்தியாசம்தான் நீங்கள் தேடுவது. இரண்டுக்கும் முன்னால், ஹெட்செட்டோடு ஒரு வெற்று அறையில் பத்து நிமிடம் சும்மா நிற்க வைத்து அடிப்படை அளவை எடுங்கள். முதல் தடவை ஹெட்செட் போடுகிறவர்களுக்கு அந்தப் புதுமையே துடிப்பை ஏற்றும், அதனால் முடிந்தால் முந்தின நாளே ஒரு முறை போட்டுப் பழக விடுங்கள்.

வராந்தாவை எடுத்துவிடுங்கள். அதைக் கட்ட எத்தனை நாள் ஆகியிருக்கும் என்று தெரிகிறது, மனசு வராது. ஆனால் ஜாய்ஸ்டிக்கைத் தள்ளும்போது 'நடக்கிறேன்' என்று கண் சொல்லும். 'நிற்கிறேன்' என்று உள்காது சொல்லும். இரண்டுக்கும் ஒத்துவராதபோது வருவதுதான் அந்தக் குமட்டல். மலைப்பாதையில் பேருந்து வளைந்து வளைந்து போகும்போது வருவதற்கு உறவுக்காரன் அது. குமட்டல் வந்தால் வியர்க்கும், துடிப்பும் மாறும். சென்சாருக்கு எது பயத்தின் வியர்வை, எது வயிற்றின் வியர்வை என்று தெரியாது. ஆளை நேராக அறைக்குள்ளேயே நிற்க வைத்துத் தொடங்குங்கள்.

இதற்கென்று கென்னடியும் உடன் வேலை செய்தவர்களும் 1993-இல் வெளியிட்ட 16 கேள்விகள் கொண்ட வினாத்தாள் ஒன்று இருக்கிறது. சிமுலேட்டர் நோய் வினாத்தாள் என்பார்கள். முன்னும் பின்னும் கொடுங்கள். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்தப் பதினாறில் 'வியர்வை', 'கவனம் செலுத்தக் கஷ்டம்' இரண்டும் இருக்கின்றன. பரீட்சைப் பயத்திலும் அந்த இரண்டும் வரும். மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்க்காமல் குமட்டல், தலைச்சுற்றல், கண்வலி ஆகியவற்றைத் தனியாகவும் எடுத்துப் பாருங்கள்.

கார்டிசால் பற்றி. அதற்கு முன்னால் உங்கள் தலைப்பையே ஒரு முறை பிரித்துப் பாருங்கள். மூளைக்கு வேலை அதிகமாவது ஒன்று, 'என்னை எடைபோடுகிறார்களே' என்று கலங்குவது இன்னொன்று. 2004-இல் டிக்கர்சன், கெமெனி இருவரும் 208 ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தார்கள். கார்டிசாலைப் பெரிதாக ஏற்றியது, மற்றவர் நம்மை எடைபோடுவதும் நிலைமை நம் கையில் இல்லை என்ற உணர்வும் சேர்ந்து வரும் இடங்கள்தான். கணக்கு கடினமாக இருந்தால் மட்டும் போதாது. ஆக, உங்கள் கேள்வி வேலைச் சுமையைப் பற்றியது என்றால் கார்டிசாலை விட்டுவிடலாம். அதற்கு ஹார்ட், ஸ்டேவ்லண்ட் இருவரும் 1988-இல் வெளியிட்ட, ஆறு அளவுகோல் கொண்ட நாசா வினாத்தாளும், இதயப் பதிவும் வைத்துக்கொள்ளுங்கள். நடுவர்களின் பார்வைதான் கேள்வி என்றால் கார்டிசால் இல்லாமல் உங்கள் வாதம் நிற்காது. மெய்நிகர் நடுவர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில் கார்டிசால் ஏற்றம் ஒரே மாதிரி வரவில்லை. சில இடங்களில் நிஜ நடுவர்களுக்குப் பக்கத்தில் வந்தது, சில இடங்களில் குறைவு. உங்கள் அறையில் ஏறுகிறது என்று நீங்களே அளந்து காட்டித்தான் ஆக வேண்டும்.

எடுத்தால் ஒழுங்காக எடுங்கள். விழித்து அரை மணி, முக்கால் மணி நேரத்தில் கார்டிசால் தானாகவே உச்சத்துக்குப் போய், பகல் முழுக்க இறங்கிக்கொண்டே வரும். காலை பத்து மணிக்கு ஒருவர், மாலை நான்கு மணிக்கு ஒருவர் என்று வைத்தால் எல்லாம் வீண். பிற்பகலில் மட்டும் வையுங்கள். வந்ததும் அரை மணி நேரமாவது சும்மா உட்கார வையுங்கள். அதற்கு முன் ஒரு மணி நேரம், முடிந்தால் இரண்டு மணி நேரம் காபி, டீ, சாப்பாடு, சிகரெட் எதுவும் வேண்டாம். சோதனை தொடங்கி 20 முதல் 30 நிமிடம் கழித்துத்தான் எச்சிலில் உச்சம் தெரியும், அதனால் முடிந்த கையோடு அனுப்பிவிடாதீர்கள்.

சிக்னல்காரன்
ஜூலை 13, மதியம் 1:05

தெப்பக்குளம் அக்கா பெரும்பகுதியைச் சொல்லிவிட்டார். நான் கருவிப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

மணிக்கட்டுப் பட்டை துடிப்பை ஒளியை வைத்துக் கணிக்கிறது. கையை ஆட்டினால் போச்சு. உங்கள் மாணவர்கள் கையில் கன்ட்ரோலர் இருக்கிறது, பதற்றத்தில் கை ஆடும். அழுத்தம் எங்கே அதிகமோ அங்கேதான் ஓட்டை விழும். அதை நிரப்பிச் சரிசெய்யப் பார்க்காதீர்கள், நெஞ்சுப் பட்டைக்கு மாறுங்கள். போலார் எச்10 மாதிரி ஒன்று துடிப்பு இடைவெளிகளை மில்லி நொடிக் கணக்கில் தரும். கட்டுவதற்கு முன் மின்முனையைத் தண்ணீரில் நனைக்க மறக்காதீர்கள். இடைவெளி மாறுபாட்டைக் கணக்கிட 1996-இல் ஐரோப்பிய, வட அமெரிக்க இதயவியல் அமைப்புகள் சேர்ந்து தந்த வழிகாட்டுதல் குறுகிய பதிவுக்கு 5 நிமிடத்தைத்தான் சொல்கிறது. உங்கள் கணக்குப் பகுதியும் 5 நிமிடம், அப்படியே பொருந்தும். அடிப்படை அளவிலும் அதே 5 நிமிடத்தை வெட்டி எடுங்கள்.

வியர்வைக்கு மணிக்கட்டு நல்ல இடம் இல்லை. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும்தான் அந்தச் சுரப்பிகள் நெருக்கம். கையில் கன்ட்ரோலர் இருப்பதால் உள்ளங்காலின் உள்வளைவில் மின்முனையை ஒட்டுங்கள். செருப்பு, சாக்ஸ் கழற்றி, ஒட்டி, பத்து நிமிடம் விட்டுத் தொடங்குங்கள். நிற்க வைப்பதால் எடையைக் கால் மாற்றிப் போடாமல் இருக்கத் தரையில் இரண்டு பாத அடையாளம் ஒட்டிவிடுங்கள். ஏசியை ஒரே அளவில் வைத்து, ஒவ்வொரு முறையும் அறையின் வெப்பத்தைக் குறித்து வையுங்கள். கோவை ஜூலையும் செப்டம்பரும் ஒன்றில்லை.

முக்கியமானது நேரக் கணக்கு. 'தவறு' என்று நடுவர் சொன்ன நொடிக்கு ஒன்று முதல் மூன்று நொடி கழித்துத்தான் தோலில் எழுச்சி தெரியும். யூனிட்டி ஒரு கடிகாரத்திலும் சென்சார் ஒரு கடிகாரத்திலும் ஓடினால் எது எதற்கு வந்தது என்று கடைசி வரை தெரியாது. எல்லாப் பதிவுகளையும் ஒரே நேரக் கணக்கில் சேர்க்கும் லேப் ஸ்ட்ரீமிங் லேயர் என்ற மென்பொருள் இலவசம், யூனிட்டியோடு இணையும். ஒவ்வொரு வசனத்துக்கும் ஒரு குறி அனுப்புங்கள்.

கண்மணியின் அகலத்தையும் அளக்கலாமே என்று யாராவது சொல்வார்கள். 1966-இல் கானெமனும் பீட்டியும் காட்டியது உண்மை: நினைவில் வைக்க வேண்டிய எண்கள் கூடக் கூடக் கண்மணி விரியும். ஆனால் குவெஸ்ட் 2-இல் கண்ணைப் பார்க்கும் கேமராவே கிடையாது. வேறு ஹெட்செட் கிடைத்தாலும், வெள்ளைச் சுவரைப் பார்த்தால் கண்மணி சுருங்கும், கறுப்பு மேஜையைப் பார்த்தால் விரியும். மூளையின் வேலையைவிட வெளிச்சத்துக்குத்தான் அது அதிகம் அசையும். இந்த ஆய்வில் அதைத் தொட வேண்டாம் என்பேன்.

நிலா_ஆய்வு
ஜூலை 13, இரவு 8:30

அக்கா, அண்ணா, இருவருக்கும் என்ன சொல்வதென்று தெரியவில்லை. அச்சடித்து மேஜையில் ஒட்டி வைத்திருக்கிறேன். இரண்டு சந்தேகம் மட்டும். அந்தப் பதினோராவது தம்பியின் பதிவை நீக்கிவிடலாமா? அப்புறம், நான் நடுவர் வசனங்களை ஆங்கிலத்தில் வைத்திருக்கிறேன். எங்கள் மாணவர்களில் பாதிப் பேர் தமிழ்வழியில் படித்து வந்தவர்கள். அது பரவாயில்லையா?

கீழவீதி
ஜூலை 13, இரவு 10:20

நான் மனநல மருத்துவர். ஆய்வு வடிவத்தைப் பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். வருகிற பிள்ளைகளைப் பற்றி நான் கொஞ்சம் சொல்கிறேன்.

பைலட்டுக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வாங்கியிருப்பீர்கள் என்று நம்புகிறேன். இல்லையென்றால் இன்றே நிறுத்தி, வாங்கிய பிறகு தொடருங்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்களைப் படியுங்கள். முழு உண்மையையும் முன்கூட்டிச் சொல்லாமல் நடத்தும் ஆய்வுகளில் என்ன செய்ய வேண்டும் என்பதும் அதில் இருக்கிறது. எந்த நொடியிலும் ஹெட்செட்டைக் கழற்றிவிட்டுப் போகலாம், அதனால் எதுவும் குறையாது என்பதை மாணவர் காதில் விழும்படி, தமிழில், நீங்களே சொல்லுங்கள். அவர்களுக்கு உள்மதிப்பீடு போடும் ஆசிரியர் யாரும் அந்த அறையில் இருக்கக் கூடாது.

வலிப்பு வந்தவர்கள், காதுச் சமநிலைக் கோளாறு உள்ளவர்கள், பீதித் தாக்குதலுக்குச் சிகிச்சையில் இருப்பவர்கள் வேண்டாம். ஸ்டீராய்டு மருந்து எடுப்பவர்களின் கார்டிசால் அளவை நம்ப முடியாது. ஆஸ்துமா இன்ஹேலர் உண்டா என்றும் கேளுங்கள், பலர் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கு எச்சில் கார்டிசாலின் ஏற்றம் மட்டுப்படும், மாதவிடாய்ச் சுழற்சியின் நாளும் அதை மாற்றும். இதை ஒரு கல்லூரிப் பெண்ணிடம் வாயால் கேட்காதீர்கள். தாளில் எழுதித் தனியாக நிரப்பக் கொடுத்து, பெயர் இல்லாமல் எண் மட்டும் போட்டு, உறையில் வாங்குங்கள். திருமணமாகாத பெண் மாதவிடாய்க் கோளாறுக்காகவும் அந்த மாத்திரையை எடுப்பாள். பார்த்து யாரும் புருவம் உயர்த்தும்படி ஆகக் கூடாது.

முடிந்ததும் உட்கார வைத்துப் பேசுங்கள். அந்த நடுவர்கள் யாரிடமும் அப்படித்தான் நடந்துகொள்வார்கள், மாணவரின் திறமைக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை என்று தெளிவாகச் சொல்லுங்கள். 'நான் கணக்கில் முட்டாள்' என்ற எண்ணத்தோடு ஒரு பிள்ளை விடுதிக்குத் திரும்பக் கூடாது. செமஸ்டர் தேர்வு வாரத்தில் யாரையும் கூப்பிடாதீர்கள்.

தெப்பக்குளம்
ஜூலை 14, காலை 6:20

டாக்டர் சொன்னதை அப்படியே பின்பற்றுங்கள் நிலா. அந்த ஸ்வெட்டர் பெண்ணிடம் கடைசியில் நானே போய்க் கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுப் பேசினேன். அந்தப் பத்து நிமிடம்தான் மூன்று வருடத்தில் எனக்கு மிகவும் பிடித்த வேலை.

தம்பியின் பதிவை நீக்காதீர்கள். பைலட்டில் இருக்கும் மிக மதிப்பான பதிவு அதுதான். வராந்தாவில் எந்த நொடியில் ஏற ஆரம்பித்தது என்று பாருங்கள். கதவைத் திறப்பதற்கு முன்னாலேயே ஏறியிருந்தால், உங்கள் கமிட்டிக்குக் காட்ட அதைவிடத் தெளிவான சான்று வேண்டாம். முழு ஆய்வுக்கு மட்டும், குமட்டல் எந்த அளவைத் தாண்டினால் ஒருவரைக் கணக்கில் சேர்ப்பதில்லை என்பதை முதல் ஆள் வருவதற்கு முன்பே எழுதி, தேதி போட்டு வையுங்கள். எண்களைப் பார்த்த பிறகு முடிவு செய்தால் நம் கை நமக்குப் பிடித்த பக்கமே சாயும்.

மொழி விஷயத்தில் நல்ல வேளையாகக் கேட்டீர்கள். எனக்கு அங்கே முதல் ஆறு மாதம் ஜெர்மனில் கடையில் சில்லறை எண்ணவே வியர்க்கும். தமிழ்வழிப் பிள்ளையை ஆங்கிலத்தில் பேசவும் கழிக்கவும் வைத்தால் நீங்கள் அளப்பது ஆங்கிலப் பயத்தை. ஆனால் தமிழுக்கு மாற்றினால் இன்னொரு சிக்கல் வரும், வாயால் சொல்லிப் பாருங்கள்: 'நைன் நைன்டி சிக்ஸ்' என்று சொல்லி முடிக்கிற நேரத்தில் 'தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு' பாதிதான் வந்திருக்கும். ஐந்து நிமிடத்தில் எத்தனை படி இறங்கினார் என்பதை வைத்து ஆங்கிலத்தில் எண்ணியவரையும் தமிழில் எண்ணியவரையும் ஒப்பிடவே முடியாது. 'மனசுக்குள் கணக்குப் போடும்போது எந்த மொழியில் எண்ணுவீர்கள்?' என்று முதலிலேயே கேளுங்கள். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் பேசுவது தமிழ், எண்ணுவது ஆங்கிலம். அவர்கள் சொல்லும் மொழியிலேயே விடுங்கள். அதே மொழியில் அவர்களே செய்யும் கூட்டலோடு மட்டும் ஒப்பிடுங்கள்.

நிலா_ஆய்வு
ஆகஸ்ட் 9, இரவு 9:15

வணக்கம். வந்து சொல்ல வேண்டும் என்று இருந்தேன்.

நெறிமுறைக் குழுவில் திருத்திய வடிவத்துக்கு ஒப்புதல் வாங்கிவிட்டேன். வராந்தா போய்விட்டது. தம்பியின் பதிவை நொடி நொடியாகப் பார்த்தேன் அக்கா, நீங்கள் சொன்னதேதான். கதவுக்கு வெளியிலேயே ஏறி, கணக்கு முழுக்க ஒரே மேட்டில் நின்றிருக்கிறது. 'தவறு' என்று வந்த இடங்களில் தனியாக ஓர் அசைவும் இல்லை. அட்டவணையில் 'அதிக அழுத்தம்' என்பதை அடித்துவிட்டேன்.

புது வடிவத்தில் ஆறு பேரை வைத்துப் பார்த்தேன். அவன் ஏழாவதாகத் தானே கேட்டு வந்தான். நடுவர் இல்லாத அறையில் நின்று, ஊட்டி போன கதையைச் சொல்லி, 15, 30, 45 என்று கூட்டிவிட்டு, "இப்ப வயிறு கம்முனு இருக்குக்கா" என்றான். நெஞ்சுப் பட்டையில் ஓர் ஓட்டை இல்லை. இரண்டு நிலைகளுக்கும் உள்ள வித்தியாசம் பழைய கிராஃபைவிட மிகச் சிறியது. அதைப் பேராசிரியையிடம் காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எத்தனை மணிக்கு எடுத்தே?" என்றார். இரண்டரையில் இருந்து ஐந்துக்குள் என்றேன். அடுத்த பக்கத்தைப் புரட்டினார்.

ஒரே ஒரு உதவி. தமிழில் எண்ணும் மாணவர்களுக்கு நடுவர் குரல் வேண்டும். நானும் தோழியும் பதிவு செய்து பார்த்தோம், எங்கள் குரலில் இரக்கம் ஒட்டிக்கொண்டு வருகிறது. கணினிக் குரல் இயந்திரமாகவே கேட்கிறது, மாணவர்கள் பொருட்படுத்த மாட்டார்கள். யாராவது பேசித் தர முடியுமா?

தெப்பக்குளம்
ஆகஸ்ட் 10, காலை 6:05

நான் பேசித் தருகிறேன் நிலா. "தவறு. ஆயிரத்து இருபத்திரண்டிலிருந்து மறுபடியும்." இதோடு வேறு என்னென்ன வசனம் வேண்டும் என்று பட்டியல் அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் எல்லோரும் கோயிலுக்குப் போனதும் கதவைச் சாத்திக்கொண்டு பதிவு செய்கிறேன். ஒவ்வொன்றையும் மூன்று தடவை சொல்கிறேன், இரக்கம் இல்லாததை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். கோப்பு எந்த வடிவத்தில் வேண்டும்?